சாப்பரும் லஸ்கரும்

சாப்பருக்கு,

இன்று காலை மழைக்காலத்துக்கான புதுக் கோணிகள் வந்து இறங்கின. வண்டியிலிருந்து கொட்டகைக்குக் கொண்டு போவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. நனைந்த கோணியின் வாசனை கொட்டகை முழுக்கப் பரவியதும் நான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வண்டிக்காரர் பயந்துபோய், "இன்னா லஸ்கரே, மயக்கமா கீதா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். அந்த வாசனை வந்தால் கூடவே நீ வருகிறாய் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் எனக்கு வேலையிலிருந்து ஓய்வு. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே பதினோரு வருஷத்தை ஓட்டிவிட்டேன். தினமும் உன் பக்கத்தில் நடந்தேன், பேசினேன், சிரித்தேன். அதை மட்டும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். காலம் கடந்த காரியம்தான். இருந்தாலும் எழுதாமல் முடியவில்லை.

நீ பட்டாளத்தை விட்டு வந்த புதிதில் உன்னைப் பற்றி ஊரில் ஒரே ஒரு சேதிதான் உலவியது. காலனியிலிருந்து பட்டாளத்துக்குப் போனவன் பதினைந்து வருஷம் அங்கே சமையல்காரனாக இருந்துவிட்டு வந்திருக்கிறான் என்று. டீக்கடையில் யாரோ உன்னிடம், பட்டாளத்தில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். நீ "சாப்பர்" என்றாய். கேட்டவர் காதில் அது சாப்பாடாக விழுந்திருக்கிறது. அவ்வளவுதான். அன்று முதல் பார்க்கிறவர்கள் எல்லாம், "இன்னா, பட்டாளத்து பிரியாணி எப்டி?" என்று கேட்பார்கள். நீ ஒருநாளும் திருத்தவில்லை. "உப்பு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போவாய்.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கரையைச் சுற்றி வருவது, மதகைத் திறப்பது மூடுவது, எங்கே எலிவளை, எங்கே கசிவு என்று பார்ப்பது, இதுதான் ஏரியில் என் வேலை. நீயோ விடிந்ததும் கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பாய். பட்டாளத்தில் பழகிய கால், சும்மா கிடக்காது. ஒருநாள் எதிரும் புதிருமாக வந்தபோது நின்று கேட்டாய்.

"நீங்க இன்னா வேலைல கீறீங்க?"

"லஸ்கர்."

நீ இரண்டு குதிகாலையும் சேர்த்து நிமிர்ந்து எனக்கு ஒரு சலாம் வைத்தாய். "யோவ், நீயும் நம்ம ஆளுதானா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஊர்த்தெருக்காரன், நீ காலனிக்காரன். 'நம்ம ஆளு' என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டேன். நீ அதைக் கவனித்துவிட்டுச் சிரித்தாய். "சாதியச் சொல்லலய்யா. ரேங்கச் சொல்றேன்."

அன்றுதான் என் வேலையின் பெயர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது. வேலையில் சேர்ந்து பத்து வருஷமாகியும் நான் கேட்டுப் பார்க்காத விஷயம். கம்பெனிக்காரன் காலத்துப் பட்டாளத்தில் பீரங்கி இழுக்கவும், கூடாரம் அடிக்கவும், வண்டிக்குப் பாதை சமன் செய்யவும் ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்கு லஸ்கர் என்று பெயர், லஸ்கருக்கு மேலே டிண்டல் என்று ஒரு ரேங்க் என்றாய். அந்த நாளில் பாலம், சாலை, ஏரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர்கள் பட்டாளத்து இன்ஜினியர்கள்தானாம். அவர்கள் வெளி வேலைக்கு வந்தபோது தங்கள் ஆட்களின் பெயர்களையும் கூடவே கொண்டு வந்துவிட்டார்களாம். "பீரங்கி பூட்ச்சி, பேரு நின்னுகிச்சு" என்றாய். பெங்களூரில் நீ பயிற்சியில் இருந்தபோது ஒரு கிழட்டு சுபேதார் இதையெல்லாம் கதை கதையாகச் சொல்லுவாராம்.

"அப்ப சாப்பர்னா?"

"இன்ஜினியர் பட்டாளத்துல சிப்பாய்னு சொல்ல மாட்டாங்க. சாப்பர்னுதான் சொல்லணும். கோட்டைக்கு அடியில பள்ளம் தோண்டிக்கினே போறவன். அவங்கூட இன்னொருத்தன் இருந்தான் அந்தக் காலத்துல. அவன் சுரங்கம் வெட்டி வெடி வெக்கிறவன். அவனுக்கு இன்னா பேரு தெரியுமா? மைனர்."

நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காத. நல்லவேள எனக்கு அந்தப் பேரு வெக்கல. மைனர்னு சொல்லியிருந்தா எவன்யா எனக்குப் பொண்ணு குடுப்பான்?"

அன்றிலிருந்து நீ எனக்குச் சாப்பர், நான் உனக்கு லஸ்கர். பக்கத்து ஏரியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தபோது, "இன்னாய்யா, டிண்டலாயிட்டியா?" என்று ஒரு வாரம் கேலி செய்தாய். ஆனால் ஒன்று. 'வாய்யா, போய்யா' எல்லாம் கரையில் நாம் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போதுதான். எதிரில் ஊர்க்காரர் ஒருவர் தலை தெரிந்தால் போதும், "லஸ்கரு சொல்றாரு", "நீங்க போங்க" என்று உன் பேச்சு மாறிவிடும். எந்த இடத்தில் மாற்ற வேண்டும் என்பது உனக்கு மூச்சு விடுவதுபோலப் பழகியிருந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு அதுதான் சௌகரியம் என்று இருந்துவிட்டேன்.

உன் சட்டைப் பையில் ஒரு பழைய போட்டோ இருக்கும். அதில் உன் கையில் ஒரு பட்டை தைத்திருந்தது. இது என்ன ரேங்க் என்று ஒருநாள் கேட்டேன்.

"லான்ஸ் நாயக். அதுலயும் சம்பளமில்லாத லான்ஸ் நாயக்."

"அப்டிகூட ஒண்ணு கீதா?"

"மேஸ்திரி வேல, சித்தாள் கூலி. நாலு பேர உங்கைல குடுப்பாங்க. அவங்களுக்கு எதுனா ஆனா நீதான் பொறுப்பு. எப்ப வேணா பட்டைய புடுங்கிக்கலாம்."

"புடுங்கிட்டாங்களா?"

"நானே கயட்டிட்டேன்" என்று சொல்லி போட்டோவைப் பையில் வைத்துக்கொண்டாய். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

என் மூட்டைகள் வாய் அவிழ்ந்து மணல் கொட்டுவதைப் பார்த்து எனக்கு ஒரு முடிச்சு காட்டிக் கொடுத்ததும் நீதான். சாக்கின் வாயை மடித்து, இரண்டு சுற்று சுற்றி, நுனியை அடிச்சுற்றுக்குள் செருகி இழுக்கிற முடிச்சு. நனைய நனைய இறுகுமே தவிர அவிழாது. நம் ஊரில் அப்படி முடிய வேறு யாருக்கும் தெரியாது.

இனி நான் சொல்ல வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல மழை குறைந்தது. சம்பா கதிர் விடும் நேரத்தில் கடைமடை வயல்கள் வெடித்துப் போயின. ஊரே நைனா என்று கூப்பிடுகிற அந்தப் பெரிய பண்ணைக்காரர் புரட்டாசியில் என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். "கலங்கல்ல ரெண்டு முழம் ஒசத்தி அடச்சிட்டா தண்ணி கடைசி வயல் வரைக்கும் பாயும். நாலு பேரு சோறு துன்னுவான். நீ கண்டுக்காத" என்றார். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கல்கட்டுதானே கலங்கல். அதை அடைப்பது எத்தனை பெரிய தப்பு என்று மதகுக் கம்பிக்குக்கூடத் தெரியும். ஆனால் எனக்குச் சொந்த ஊரிலேயே வேலை கிடைக்கச் சொல்லி வைத்தவர் அவர். கடைமடையில் காய்ந்த வயல்களைப் பார்த்து எனக்கும் வயிறு எரிந்திருந்தது. கண்டுகொள்ளாமல் இருப்பதோடு நான் நிற்கவில்லை. என் கொட்டகையிலிருந்தே கோணி எடுத்துக் கொடுத்தேன். பண்ணையாட்கள் மணல் நிரப்பினார்கள். கட்டுகிறவன் சரியாகக் கட்டவில்லை என்று நானே உட்கார்ந்து, நீ காட்டிக் கொடுத்த முடிச்சைப் போட்டு, மூட்டை மூட்டையாகக் கட்டிக் கொடுத்தேன். நீ அப்போது ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்குச் செங்கல்பட்டுக்குப் போயிருந்தாய்.

ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் நான் கரையின் பின்பக்கம் இறங்கிப் பார்த்தபோது நடுக்கரைக்கு அடியில் தண்ணீர் ஊறி வந்துகொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர் ஊறினால் பயமில்லை. ஊறினது செந்தண்ணீர். கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். ஓடிப் போய்க் கலங்கலைப் பார்த்தேன். நட்ட கற்களுக்கு நடுவே, கண் கண்ணாக விட்டிருந்த இடைவெளிகளில், நான் கட்டிய மூட்டைகள் கல்லோடு கல்லாக இறுகி நின்றன. தண்ணீர் மூட்டையின் தலைமேல் ஒரு விரற்கடைதான் வழிந்தது. பிடித்து இழுத்தேன். ஒன்றுகூட அசையவில்லை.

நைனா குடையோடு வந்தார். ஊரும் வந்தது. அவர் பார்த்த உடனே சொன்னார்: "காலனி கோடியில கரைய வெட்டிவுடுங்க. ஊரு தப்பிச்சிடும்."

காலனி ஆட்கள் மண்வெட்டியோடு வந்து அந்தக் கோடியில் வரிசையாக நின்றுவிட்டார்கள். இந்தப் பக்கம் ஊர்க்காரர்கள் கடப்பாறையோடு. நடுவில் அரசாங்கத்து ஆள் என்று நான் ஒருவன். அப்போதுதான் நீ வந்தாய். காக்கி அரைக்கால் சட்டை, தோளில் ஒரு சுருள் கயிறு. முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருக்கிறாய். யாரிடமும் பேசாமல் முதலில் கசிவைத் தொட்டுப் பார்த்தாய். பிறகு கலங்கலுக்குப் போய்க் குனிந்து பார்த்தாய்.

"கலங்கல அடச்சது யாரு?"

யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

"சரி, அத்த அப்பால பேசிக்கலாம். இப்ப கரைய வெட்டக்கூடாது. வெட்டினா வெட்டின எடம் நிக்காது, அகண்டுகினே போவும். காலனியும் போவும், பின்னாலயே ஊரும் போவும். கலங்கலத்தான் தொறக்கணும்."

நைனாவுக்குக் கோபம். "பட்டாளத்துல சோறு பொங்கினவன் வந்து எனக்குப் பாடம் நடத்துறியா?"

நீ குரலை உயர்த்தவில்லை. "சோறு பொங்கறவனுக்கு எந்தப் பானை பொங்கப் போவுதுன்னு தெரியும் நைனா."

சொல்லிவிட்டுக் கயிற்றின் ஒரு நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டாய். மறுநுனியை என்னிடம் எறிந்தாய். ஊரும் காலனியும் நைனாவும் பார்த்துக்கொண்டிருக்க, முதல் தடவையாக அத்தனை பேர் முன்னால் அந்தக் குரலில் என்னைக் கூப்பிட்டாய்.

"யோவ் லஸ்கரு, கயிற புடி!"

நான் பிடித்தேன். என் பின்னால் காலனி ஆட்கள் ஆறு பேர் வந்து பிடித்தார்கள். கொஞ்சம் பொறுத்து ஊர்க்காரர்கள் நான்கு பேர் நைனாவின் முகத்தைப் பார்த்தார்கள், மழையைப் பார்த்தார்கள், வந்து பிடித்தார்கள். எல்லாம் ஒரே கயிறு.

ஆனால் நீ இறங்கவில்லை. கலங்கல் தண்ணீர் ஓடுகிற ஓடையைக் காட்டி, "அந்த இருளருங்க குடிச எத்தினி?" என்றாய். நாலு குடிசை. பதினாலு பேர். அவர்களைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் நினைப்பே வரவில்லை. காலனியிலிருந்து இரண்டு பேரை ஓடவிட்டு அவர்களை மேட்டுக்கு ஏற்றச் சொன்னாய். ஏறி வந்தவர்களை விரல் நீட்டி எண்ணினாய். பதின்மூன்று.

"கன்னியம்மாதான், ஆடு குட்டி போட்டுக்கீது, எடுத்தாறேன்னு திரும்பிப் போச்சு" என்றார் அவர்களில் ஒரு பெரியவர்.

நீ கலங்கல் சுவரின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாய். கீழே கசிவு பெரிதாகிக்கொண்டிருந்தது. நைனா கத்தினார். ஊர் கத்தியது. நானும், கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டே, "ஒருத்திக்காக ஊர வுட்டுடுவியா? எறங்குய்யா!" என்று கத்தினேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. அந்த மூட்டைகளைக் கட்டிய நான் அதைக் கத்தினேன்.

"ஆளு எண்ணி முடியல" என்றாய். இடுப்புக் கயிற்றை அவிழ்த்து என் மணிக்கட்டில் சுற்றிவிட்டு ஓடைக்கு ஓடினாய். எத்தனை நேரமோ தெரியாது. நடுக்கரை ஒரு இடத்தில் உள்வாங்குவதைப் பார்த்துப் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். பிறகு மழைத்திரையைக் கிழித்துக்கொண்டு நீ வந்தாய். உன் பின்னால் அந்தப் பெண். உன் தோளில் தாயாடு, அவள் மடியில் ஈரக்குட்டி. மேட்டில் ஏறியதும், "பதினாலு" என்று உரக்கச் சொன்னாய். அதற்குப் பிறகுதான் கயிற்றை மறுபடி இடுப்பில் கட்டி, ஒரு அரிவாளை வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாய்.

மூட்டையை இழுக்க முயலவில்லை நீ. வாயை அறுத்துவிட்டால் மணலைத் தண்ணீரே கொண்டு போய்விடும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. அரிவாளை முதல் மூட்டையில் வைத்துவிட்டு ஒரு நொடி நின்றாய். முடிச்சைப் பார்த்தாய். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய்.

"முடிச்சு நல்லா கீதுய்யா" என்றாய்.

அறுத்தாய். அடுத்தது. அடுத்தது. மேல் வரிசை போனதும் அந்த இடத்தில் தண்ணீர் இரையத் தொடங்கியது. இரண்டாவது கண்ணைத் திறந்தாய். மூன்றாவதில் நீ இரண்டு மூட்டைதான் அறுத்தாய், மிச்சத்தைத் தண்ணீர் மொத்தமாகப் பெயர்த்துக்கொண்டு போனது. உன்னையும் சேர்த்து. கயிறு விண்ணென்று இழுபட்டது. பின்னால் இரண்டு மூன்று பேர் சறுக்கி விழுந்தார்கள். கயிறு என் உள்ளங்கைகளை அறுத்துக்கொண்டு ஒரு முழம் ஓடிற்று. கல் இடுக்கில் காலை ஊன்றிச் சாய்ந்தேன். நின்றது. எல்லோருமாக இழுத்தோம். நீ கரையேறி ஒரு வாய்த் தண்ணீரைத் துப்பிவிட்டு, "கசிவப் பாரு" என்றாய்.

சாயங்காலத்துக்குள் ஏரி ஒரு முழம் இறங்கியது. ஊறி வந்த தண்ணீர் தெளிந்தது. நாலு குடிசையும் ஓடையோரத்து நெல்லும் போயின. ஆள் ஒருவரும் போகவில்லை.

மறுநாள் ஜீப்பில் ஒரு பெரிய அதிகாரி வந்தார். கலங்கலைத் திறந்தது யார் என்று கேட்டார். நைனா என் தோளில் கை வைத்து, "எங்க லஸ்கருதான் சார். உசுரக் குடுத்துத் தொறந்தாரு" என்றார். அடைத்தது யார் என்ற கேள்வி வராமல் இருக்க அவருக்கு அது தேவைப்பட்டது. எனக்கும் தேவைப்பட்டது. கட்டுப் போட்ட என் இரண்டு கைகளையும் பார்த்து அதிகாரி தலையாட்டினார். நீ கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாய். அவர் உன்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார்.

"சாப்பர், சார்."

"ஓ, சாப்பாடு ரெடியா?" என்று சிரித்துவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். ஊரும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை.

குடியரசு தினத்தன்று உத்திரமேரூரில் எனக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள். நீ வந்திருந்தாய். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் நின்று கை தட்டினாய். திரும்பும்போது பஸ்ஸிலிருந்து இறங்கிக் கரைமேல் நடந்தோம். இரண்டு மூன்று தடவை வாயெடுத்தேன். "சாப்பரே, அந்த மூட்ட..." என்று ஆரம்பித்தேன். நீ முடிக்கவிடவில்லை. நான் கேட்காமலே அந்தப் பட்டையின் கதையைச் சொல்ல ஆரம்பித்தாய்.

சீனாக்காரன் சண்டையின்போது வடகிழக்கு மலையில் ஒரு பாலம். உன் கையில் நான்கு பேர். நம் ஆட்கள் எல்லாம் பின்வாங்கி வந்த பிறகு, இத்தனை மணிக்குப் பாலத்தைத் தகர்க்க வேண்டும் என்று உத்தரவு. மணி ஆனது. தகர்த்தாய். அரைமணி கழித்து எதிர்க்கரையில் நம் ஆட்கள் ஏழெட்டுப் பேர், ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு வந்து நின்றார்கள்.

"கூப்டாங்கய்யா. ஆத்து எரச்சல்ல ஒண்ணும் கேக்கல. வாய் மட்டும் தெரியுது. அப்பால மரத்துக்குள்ள பூட்டாங்க. இன்னா ஆனாங்கன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது."

உத்தரவுப்படி செய்தவனை யார் என்ன சொல்ல முடியும்? யாரும் எதுவும் சொல்லவில்லை. நன்றாகச் செய்தாய் என்று பட்டையை நிரந்தரமாக்கிச் சம்பளமும் போடுகிறோம் என்றார்களாம். நீதான் போய் நின்று, பட்டை வேண்டாம், சாப்பராகவே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

"ஆளு எண்ணாத கைக்குப் பட்டை எதுக்குய்யா?"

கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு என் கையிலிருந்த சான்றிதழைக் கண்ணால் காட்டி, "பட்டைய வேணாம்னா வுட்டுடுவாங்க. காயிதத்த வேணாம்னா ஏன்னு நோண்டாம வுட மாட்டாங்க. வெச்சிக்கோ" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன்.

அதன் பிறகு நம் ஏரியில் யாரும் கலங்கலை அடைக்கவில்லை. நைனா இன்னொரு தடவை கேட்டார், முடியாது என்று நான் சொன்னேன், அவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். உன்னிடம் இதை மட்டும் பெருமையாக வந்து சொன்னேன். "அப்டியா?" என்றாய். கரையில் நம் நடை தொடர்ந்தது. இந்த ஆனி மாதம் உனக்கு மூச்சுத் திணறல் வந்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், திரும்ப உன்னை வேனில் படுக்கவைத்துக் கொண்டுவந்த நாள்வரைக்கும்.

போன வாரம் அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் உன் வீட்டுக்குள் நான் வந்தது அதுதான் முதல் தடவை. உன் மனைவி பாய் போட்டார். நான் காகிதத்தை அவர் முன்னால் வைத்து, "இது அவருக்கு வரவேண்டியது" என்றேன்.

"இதுல அவரு பேரு கீதா?"

"இல்ல."

"அப்ப எனக்கு எதுக்கு?" என்று திருப்பி என் பக்கம் தள்ளினார்.

அதற்கு மேல் அடக்க முடியவில்லை. நைனா கூப்பிட்டது, கோணி கொடுத்தது, நானே உட்கார்ந்து கட்டியது, கன்னியம்மாவை விட்டுவிட்டு இறங்கச் சொல்லிக் கத்தியது, ஜீப் வந்தபோது வாய் மூடி நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்ததும் கேட்டார்.

"இத்த அவராண்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லியிருக்கணும்." வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "மூட்ட கட்டினது நீதான்னு அவருக்கு அன்னிக்கே தெரியும். ஈரத்துணியோட வந்து குந்திக்கினு சொன்னாரு. ரெண்டு நாளு சரியா சோறு துன்னல. ஊட்ல யாராண்டயும் பேசல. நாந்தான் திட்டினேன் உன்ன. நல்லா திட்டினேன். 'அந்த ஆளு மூஞ்சிலயே இனிமே முயிக்காத'ன்னேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"'அவன் கயிற வுடலடி'ன்னாரு. அவ்ளோதான். மூணாம் நாளு காலைல எய்ந்து கரைக்கு நடக்கப் பூட்டாரு."

மூன்றாம் நாள் காலை எனக்கு நினைவிருக்கிறது. கட்டுப் போட்ட கைகளோடு நான் கரையில் நின்றிருந்தேன். நீ தூரத்திலிருந்து வந்துகொண்டிருந்தாய். நீ வந்து என்ன சொல்லப் போகிறாயோ என்று நின்ற இடத்திலேயே காத்திருந்தேன். நீ பக்கத்தில் வந்தாய். "கை எப்டி கீது?" என்று கேட்டாய். என் கட்டை அவிழ்த்துப் பார்த்தாய். மஞ்சள் போதாது என்று சொல்லி நடக்க ஆரம்பித்தாய். நானும் கூட நடந்தேன். இரண்டு நாள் நீ எதைச் சுமந்துவிட்டு அன்று காலை இறக்கி வைத்தாய் என்று பதினோரு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிகிறது.

அடுத்த மாதம் ஓய்வு பெறுகிற அன்று நான்கு வார்த்தை பேசச் சொல்லுவார்கள். ஊர்க்காரர்கள் வருவார்கள். நைனாவின் மகன்கூட வருவார். காலனியில் போய் எல்லோரையும் வரச் சொல்லிவிட்டேன், கன்னியம்மாவையும். அன்று எழுந்து நின்று உன் பெயரையும் ரேங்கையும் சொல்லப் போகிறேன். மூட்டை கட்டியது யார், அறுத்தது யார் என்று சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு ஊர் என்னைப் பற்றி என்ன பேசினாலும் பேசட்டும்.

பேசுகிறபோது குரல் உடையாமல் இருக்க வேண்டும். உடைந்தால், நீ உன் மனைவியிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொள்வேன். எனக்கென்று மிஞ்சியிருப்பது அதுதான்.

இப்படிக்கு
உன் லஸ்கர்